வாசல் வாசலாகத் திருப்பி வாங்கிய கேப்ஸ்யூல்கள்

அன்பு மகளுக்கு,

இதை எழுதுபவன் உன் தகப்பன். தொழிலால் லிஃப்ட் ஆய்வாளன். உன் மாமா சூட்டிய பெயரால் ரூல்தடி. இந்தக் குடியிருப்பின் எல்லாக் கட்டடங்களிலும் இப்போது அந்தப் பெயரே வழங்குவதால் அதையும் பதிவு செய்துவிடுகிறேன். எழுதும் நோக்கம், போன ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் எனக்கு இட்ட இரண்டு கட்டளைகளுக்கு முறைப்படி பதில் தருவது. அம்மாவின் வைட்டமின் பாட்டிலை அம்மாவிடமே கொடுத்துவிட வேண்டும் என்பது ஒன்று. நான் திருப்பி வாங்கி வந்ததையெல்லாம் அவரவர் வீட்டில் ஒப்படைத்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டும் முடியாது. ஏன் முடியாது என்பதைத் தொலைபேசியில் சொல்ல முயன்றேன். நீ குறுக்கே பேசினாய், ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்த உன் அம்மா உனக்குப் பின்பாட்டுப் பாடினாள், நான் ஒரு வாக்கியத்தைக்கூட முற்றுப்புள்ளி வரை கொண்டுபோக முடியவில்லை. கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. இதைப் படம் எடுத்து மின்னஞ்சலில் இன்றே அனுப்புகிறேன். மூலப்படி தபாலில் வரும், பத்திரப்படுத்து.

நான் சுகமாகவே இருக்கிறேன். நீயும் அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, நல்லபடியாக இருக்க வேண்டும் என்பதுதான் முதல் விருப்பம். கோபமெல்லாம் அதற்கு அப்புறம். உன் அம்மாவும் சுகம் என்று எழுதி இந்த வரியை முடித்துவிடத்தான் கை போகிறது, ஆனால் உறுதி செய்யாத ஒன்றுக்கு நான் கையெழுத்துப் போடுவதில்லை என்பது உனக்குத் தெரியும். அவள் என்னோடு பேசுவதும் இல்லை. சாப்பாடு ஆறுகிறது என்பதைச் சமையலறைச் சுவரிடம் சொல்கிறாள், சுவர் எழுந்து வராததால் நான் போய்ச் சாப்பிடுகிறேன். நம் கட்டடத்தின் லிஃப்டுக்குப் பூட்டுப் போட்டாயிற்று. குடியிருக்கும் கட்டடத்தை நானே ஆய்வு செய்யக் கூடாது என்று விதி இருப்பதால் சக ஆய்வாளரிடம் ஒரு வார்த்தை சொன்னேன், அவர் வந்து பார்த்துவிட்டுக் கம்பி வடத்தில் இழைகள் அறுந்திருப்பதைக் கண்டு நிறுத்திவிட்டார். ஆகவே எல்லாரும் படியேறுகிறார்கள், ஏறும் ஒவ்வொரு படியிலும் என்னை வாழ்த்துகிறார்கள். வைட்டமின் விவகாரம் அதன் மேல் வந்து சேர்ந்தது.

நடந்தது என்ன என்பதை நீ உன் அம்மா வாயால் மட்டுமே கேட்டிருக்கிறாய், அதனால் வரிசையாகச் சொல்கிறேன். உன் பார்சல் வந்தபோது நான் வெளியூரில் துறைமுகக் கிடங்கு ஒன்றின் சரக்கு லிஃப்டுகளைச் சோதித்துக்கொண்டிருந்தேன். கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது, முகம் களையிழந்து போகிறது என்று அம்மா உன்னிடம் புலம்பியிருக்கிறாள். நீயும் மனசு கேட்காமல் சால்வை, இனிப்புகள், அவற்றோடு நான்கு பெரிய பாட்டில் வைட்டமின் ஈ அனுப்பியிருக்கிறாய், ஒவ்வொரு கேப்ஸ்யூலும் நானூறு யூனிட். வெளிநாட்டிலிருந்து மகள் அனுப்பியது வீட்டுக்குள்ளேயே அடங்கிவிட்டால் அது வந்ததாகவே கணக்கில்லை என்பது உன் அம்மாவின் கொள்கை. இனிப்பைப் பங்கிட்ட அதே கையோடு கேப்ஸ்யூல்களையும் காகிதப் பொட்டலங்களாகக் கட்டி, என் பொண்ணு அனுப்பினா, உடம்புக்கு ரொம்ப நல்லதாம் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறாள். கீழ்வீட்டுத் தையல்காரம்மாவுக்கு ஒரு பொட்டலம், மேல்தளத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநருக்கு ஒன்று, எதிர்வீட்டில் வாடகைக்கு இருக்கும் உடற்பயிற்சிக்கூடத்துத் தம்பிக்கு ஒன்று. அடுத்த கட்டடத்தில் இருக்கும் உன் மாமாவுக்கு மட்டும், அண்ணன் என்ற முறையில், முழு பாட்டில். தனக்கென்று ஒன்றை வைத்துக்கொண்டாள். வைத்த இடத்தைக் கவனி: மருந்துப் பெட்டியில் இல்லை, நீ அனுப்பிய பீங்கான் பறவைகளுக்குப் பக்கத்தில், கண்ணாடி அலமாரியில்.

அந்த இடம்தான் எல்லாவற்றுக்கும் மூலம். நீ பள்ளியில் படிக்கும்போதே அம்மாவுக்கு இதய வால்வு மாற்றினார்கள் என்பதும், அன்றிலிருந்து ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்ளும் மாத்திரையை அவள் சாப்பிடுகிறாள் என்பதும் உனக்கு மறந்திருக்காது. அந்த மாத்திரையின் அளவு கல்லில் செதுக்கியது இல்லை. மாதாமாதம் ரத்தம் எடுத்து, எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று பார்த்து, கூட்டியோ குறைத்தோ கொடுப்பார்கள். கூடினால் உள்ளே எங்காவது ரத்தம் கசியும், குறைந்தால் வால்வில் ரத்தம் கட்டிக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய சந்தில்தான் உன் அம்மா இத்தனை வருடமாக நடந்து வருகிறாள். நான் ஊர் திரும்பியபோது பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் வருகிறது என்றாள், பிரஷ் முரட்டுத்தனமாக இருக்கிறது என்று அவளே தீர்ப்பும் சொல்லிப் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டாள். முன்கையில் கத்தரிக்காய் நிறத்தில் ஒரு கன்றல். கேட்டால் கட்டில் முனை இடித்துவிட்டதாம். அந்தக் கட்டில் இருபது வருடமாக அதே இடத்தில் இருக்கிறது, இதுவரை யாரையும் இடித்ததாகப் புகார் இல்லை. மாதச் சோதனைக்குப் போனோம். அந்த அறைக்கு முன்னால் தரையில் மஞ்சள் கோடு போட்டு நோயாளிகள் மட்டும் என்று எழுதியிருக்கும். நான் வழக்கம்போல் கோட்டுக்கு இந்தப் பக்கம் அவள் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே செவிலியர், புதுசா ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களாம்மா என்று கேட்டிருக்கிறார். ஒண்ணும் இல்லையே என்றிருக்கிறாள் உன் அம்மா. பொய் சொல்லவில்லை. பிறகு நான் கேட்டபோது அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: அது எப்படி மாத்திரை ஆகும், அது என் பொண்ணு அனுப்பினதுல்ல.

ரத்தம் அளவுக்கு மீறி இளகியிருந்தது. காரணம் தெரியாமல் மருத்துவர் மாத்திரையின் அளவைக் குறைத்தார். வீட்டுக்கு வந்து கண்ணாடி அலமாரியின் மேல் தூசி தட்டும்போதுதான் நான் பாட்டிலைப் பார்த்தேன், திருப்பிப் பின்பக்க எழுத்தைப் படித்தேன். ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக் கூடாது என்று நீ வாங்கிய கடையே பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கிறது. மருத்துவமனைக்குப் போன் செய்தேன். மருத்துவர் நிதானமான மனிதர். இதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன், ஆனா இது இல்லைன்னும் சொல்ல மாட்டேன், உடனே நிறுத்துங்க, அடுத்த வாரமே திரும்ப ரத்தம் பாக்கணும் என்றார். அதன் பிறகு கொடுத்த வீடுகளின் விவரத்தை உன் அம்மாவிடம் கேட்டு வாங்கிக்கொண்டு நான் படியிறங்கினேன். என்னுடைய முறைகேடு என்று நீ சொல்வது இந்த இடத்தில் தொடங்குகிறது.

உன் மாமா மட்டும் பாட்டிலைத் தர மறுத்துவிட்டார், அதைப் பிறகு சொல்கிறேன். தையல்காரம்மா மிஷினை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டார். நான் இதை முழுங்குவேனா சார், ஊசியால குத்தி எண்ணெயை எடுத்து மூஞ்சில பூசிட்டு இருக்கேன் என்றார். பூசுவதானால் முதலில் காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவி அரிப்பு வருகிறதா என்று பாருங்கள், சிலருக்குத் தடிப்பு வரும், பூசுவது உங்கள் விருப்பம், விழுங்க மட்டும் வேண்டாம் என்றேன். அவர் பொட்டலத்தை என் கையில் வைத்து, பொண்ணு அனுப்புது, அம்மா குடுக்குது, அப்பா வந்து புடுங்கிட்டுப் போறார், உங்க வீட்டுல எல்லாருக்கும் நல்லா வேலை இருக்கு சார் என்று சொல்லிவிட்டு மிதியை மிதித்தார். உடற்பயிற்சிக்கூடத்துத் தம்பி சண்டையே போடவில்லை, சிரித்தான். ஆயிரக்கணக்கான ஆண்களுக்கு இதே நானூறு யூனிட்டை வருடக்கணக்கில் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு ஒன்றில், புரோஸ்டேட் புற்று குறையும் என்று எதிர்பார்த்தது கூடியிருக்கிறது என்று சொன்னேன். அங்கிள், இதைச் சொல்லியே என் பசியைக் கெடுத்துட்டீங்க என்று கொண்டுவந்து கொடுத்துவிட்டான். ஓட்டுநர் வீட்டில் நான் தோற்றேன் என்று உன் அம்மா சொல்லியிருப்பாள். தோற்கவில்லை. அவருக்குக் கல்லீரலில் கொழுப்பு, சர்க்கரை நோய் கிடையாது. அவருடைய கல்லீரல் மருத்துவரே பரிசோதனைகள் பார்த்து இந்த வைட்டமினை அளவோடு எழுதிக் கொடுத்திருக்கிறார், அது நல்ல சிகிச்சைதான். அவர் செய்த தப்பு, மருத்துவர் எழுதியதைச் சாப்பிட்டுவிட்டு உன் அம்மா கொடுத்ததையும் மரியாதைக்காகச் சேர்த்து விழுங்கியது. மருத்துவர் எழுதியதை அவரிடமே விட்டுவிட்டு, மரியாதையை மட்டும் எடுத்து வந்தேன். ஆகவே நான் இந்தக் கேப்ஸ்யூலுக்குப் பகைவன் என்று நீ சொன்னது தவறு. யாருக்கு, எதற்கு, எவ்வளவு, யார் சொல்லி என்ற நான்கு கேள்விக்கும் பதில் இருந்தால் நானே தண்ணீர் எடுத்துக் கொடுப்பேன்.

உன் வாதங்களுக்கு வருகிறேன். கடையில் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கிறார்களே என்றாய். சீட்டு இல்லாமல் சவரக் கத்தியும் விற்கிறார்கள். இயற்கையானது என்றாய். ஊமத்தங்காயும் இயற்கையானதுதான். உடம்புக்குத் தேவையான சத்து என்றாய். அதை நான் மறுக்கவே இல்லை. செல்கள் சிதையாமல் காக்கும் சத்து அது, இல்லாமல் நரம்பும் தசையும் தளரும். ஆனால் ஒரு பெரியவருக்கு ஒரு நாளைக்கு வேண்டியது பதினைந்து மில்லிகிராம்; நீ அனுப்பியதில் ஒன்றே, வகையைப் பொறுத்து, அதைப் போலப் பன்னிரண்டு மடங்கோ அதற்கும் மேலோ. வேண்டியதைக் கொஞ்சம் கொட்டைகள், சூரியகாந்தி விதை, கீரை, தாவர எண்ணெய் இவற்றிலேயே வாங்கிக்கொள்ளலாம். கொழுப்பைச் செரிக்க முடியாத நோய் உள்ளவர்களைத் தவிர இந்தச் சத்துக் குறைந்து படுத்தவர்கள் அபூர்வம். இது கொழுப்பில் கரைவது, மிஞ்சினால் சிறுநீரோடு போய்விடாது, உடம்பில் தங்கும். இதயத்துக்குக் காவல் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள், சோதித்துப் பார்த்தார்கள், காவல் காக்கவில்லை. கெண்டைக்கால் பிடிப்புக்கும் இதை நம்பிக் கொடுக்கும் அளவுக்கு ஆதாரம் கிடையாது. நல்ல உடம்புக்காரருக்கே ஆயிரம் மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள், அந்த வரம்பு உன் அம்மாவைப் போல ரத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குப் பொருந்தாது, அவர்களுக்கு அதைவிடக் குறைவிலேயே ஆபத்து வரலாம். அப்படியும் ஒன்றும் ஆகவில்லையே என்றாய். ஆறு பேர் என்று பலகை மாட்டிய லிஃப்டில் ஏழாவது ஆள் ஏறினால் அன்றைக்கு ஒன்றும் ஆகாது, லிஃப்ட் மேலே போகத்தான் செய்யும். அதைப் பார்த்துவிட்டுப் பலகை பொய் என்று சொல்கிறவர்களை நான் தினம் சந்திக்கிறேன். என் மகளும் அந்த வரிசையில் வந்து நிற்பாள் என்று நினைக்கவில்லை.

இப்போது நீ அறியாத பகுதி. அம்மாவின் பாட்டிலை என் கருவிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன், மறுவாரச் சோதனையில் ரத்தம் ஓரளவு சரியாகியிருந்தது, நானும் நிம்மதியாக மூச்சு விட்டேன். அந்த ஞாயிறுதான் நீ கூப்பிட்டாய். அப்பா கிடக்கிறார், நீ சாப்பிடும்மா, உனக்காகத்தானே அனுப்பினேன் என்று சொன்னாய். அந்த ஒரு வாக்கியம் அவளுக்குப் போதுமாயிருந்தது. புதன்கிழமை வேலைக்குக் கிளம்பும்போது முழங்கைக்கு மேலே புதிதாக ஒரு கன்றல் பார்த்தேன், கேட்டேன், அவள் புடவைத் தலைப்பை இழுத்து அதை மூடிக்கொண்டாள். சாயங்காலம் உன் மாமா படிக்கட்டில் வழிமறித்து அவரே பெருமையாகச் சொன்னார். என்ன மாப்ளே, உன் வீட்டுலதானே சட்டம், என் வீட்டுல என் தங்கச்சி நிம்மதியா சாப்பிடுறா, ஒண்ணுக்கு ரெண்டா போடச் சொல்லியிருக்கேன், சத்துதானே என்றார். என் மருமக அனுப்பினதுக்கு நீ யாரு பூட்டுப் போட என்றும் கேட்டார். தினம் காய்கறி வாங்கப் போகிறேன் என்று கிளம்பும் உன் அம்மா அண்ணன் வீட்டுக்குப் போய் அங்கே விழுங்கிவிட்டு வருகிறாள். நான் மறுபடியும் பாட்டிலைக் கேட்டேன். அவர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ரூல்தடி வந்து எடுத்துப் பார்க்கட்டும் என்றார். உன் மாமா கெட்டவர் இல்லை. தங்கை கேட்டதை அவரால் மறுக்க முடியாது, நான் கேட்டதை அவரால் கொடுக்க முடியாது, அவ்வளவுதான்.

இதில் இருக்கும் ஆபத்தைத் திரும்பவும் சொல்கிறேன், மெதுவாகப் படி. மருத்துவமனையில் அவள் ரத்தத்தைப் பார்த்து மாத்திரையின் அளவை வைக்கிறார்கள். அவள் ஒரு நாள் இரண்டு விழுங்கி, ஒரு நாள் நான் கவனிக்கிறேன் என்று விட்டுவிட்டால், அவர்கள் பார்க்கும் ரத்தம் ஒன்று, மறுவாரம் அவள் உடம்பில் ஓடும் ரத்தம் வேறொன்று. அதிகம் இளகிவிட்டது என்று குறைப்பார்கள், இவள் இதை நிறுத்தினால் வால்வில் கட்டிக்கொள்ளும். இறுகிவிட்டது என்று கூட்டுவார்கள், இவள் இதைத் தொடர்ந்தால் மூளையில் கசியும். உண்மை தெரியாமல் அளவு வைக்கச் சொல்லி ஒரு மருத்துவரைக் கேட்பதும், எத்தனை பேர் ஏறுவார்கள் என்று சொல்லாமல் வடத்தின் பருமனைக் கேட்பதும் ஒன்று. அன்பாக அனுப்பியது என்றாய். சந்தேகமே இல்லை. அன்பால் ரத்தம் உறைவதில்லை, மகளே.

உன் அம்மாவின் பக்கத்தையும் நான் எழுதாவிட்டால் அது நியாயமாகாது. நான் பொட்டலங்களோடு வீட்டுக்குள் நுழைந்த அன்று, பேச்சை நிறுத்துவதற்கு முன்னால், கடைசியாக அவள் என்னிடம் சொன்னது இது: நீங்க எடுத்துட்டு வந்தது மாத்திரைய இல்ல, அவ அங்க நல்லா இருக்கான்னு நான் எல்லார்கிட்டயும் சொன்ன வார்த்தையை. இந்தப் படிகளில் எல்லார் வீட்டு வாசலிலும் நின்று பேசிவிட்டு ஏறுகிறவள் இப்போது காய்கறிப் பையைப் பார்த்தபடியே ஏறுகிறாள், அதைக் காணும்போது எனக்கு வலிக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த வலிக்காக ஒரே ஒரு கேப்ஸ்யூலைக்கூட நான் திருப்பிக் கொடுக்கப் போவதில்லை. கொடுத்ததைத் திருப்பிக் கேட்ட மனிதன் என்று இந்தக் குடியிருப்பு என்னை இன்னும் இருபது வருடம் சொல்லட்டும். அதைப் பக்கத்தில் நின்று கேட்டு முகம் சுளிக்க உன் அம்மா இருக்க வேண்டும், எனக்கு அது போதும்.

உன்னிடம் கேட்பது சிறியது. அடுத்த பார்சலில் சால்வை அனுப்பு, செருப்பு அனுப்பு, இன்னும் பத்துப் பீங்கான் பறவை வேண்டுமானாலும் அனுப்பு, அவளும் வாசல் வாசலாகக் காட்டிவிட்டு வரட்டும். விழுங்குவது எதையும் என்னையோ மருத்துவரையோ கேட்காமல் அனுப்பாதே. இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் அம்மாவைக் கூப்பிட்டு, நிறுத்திடும்மா, நான்தான் தெரியாம அனுப்பிட்டேன் என்று உன் வாயால் சொல். அவளுக்கு இப்போது நீ அனுப்ப வேண்டிய பொருள் அந்த வாக்கியம்தான், அதற்குச் சுங்கவரியும் கிடையாது. உன் மாமாவிடமும் சொல். மருமகள் சொன்னால் அவர் பைக்குள் கை தானாகப் போகும். நீயும் அதே கேப்ஸ்யூலை விழுங்குகிறாயா என்பதை மறைக்காமல் எழுது. கால் பிடிப்புக்கு அம்மாவை முறைப்படி மருத்துவரிடம் காட்ட நாள் வாங்கியிருக்கிறேன், அதை உன் கவலையிலிருந்து எடுத்துவிடு. அறைக் கதவை இரண்டு பூட்டும் போட்டுத் தூங்கு, ஹீட்டருக்குப் பக்கத்தில் துணி காயப்போடாதே, உன் கட்டட லிஃப்டில் சான்றிதழ் ஒட்டியிருக்கிறதா, தேதி தாண்டாமல் இருக்கிறதா என்று பார். கண்ணு, நீ எந்தக் குறையும் இல்லாமல், நோய் நொடி அண்டாமல், எடுத்த காரியம் கைகூடி நீண்ட நாள் வாழ வேண்டும். என் கோபம் தபால்தலையோடு தீர்ந்துவிடும், இந்த ஆசி தீராது.

நான் செய்யப் போவதையும் தெரிவித்துவிடுகிறேன், பின்னால் யாரும் சொல்லாமல் செய்தான் என்று குறை கூறக் கூடாது. இதை மின்னஞ்சலில் அனுப்பிய கையோடு உன் மாமா வீட்டுக்குப் போகிறேன். அவருடைய சாய்வு நாற்காலியில் உட்காருவேன், அந்தப் பாட்டில் என் கைக்கு வரும் வரை எழுந்திருக்க மாட்டேன், அவர் விளக்கை அணைத்தாலும் சரி, தொலைக்காட்சியை அலறவிட்டாலும் சரி. நாளைக் காலை அம்மாவை ரத்தச் சோதனைக்கு அழைத்துப் போவேன். இத்தனை வருடமாக நான் மதித்து நின்ற அந்த மஞ்சள் கோட்டை நாளை தாண்டுவேன். காவலாளி தடுத்தால் எழுத்தில் புகார் செய்துகொள்ளட்டும். ஒரு கையில் இரண்டு பாட்டில்களும் இன்னொரு கையில் அவள் கைப்பையுமாக உள்ளே போய், செவிலியர் அந்தக் கேள்வியைக் கேட்கும்போது உன் அம்மாவின் பக்கத்தில் நின்று நான் பதில் சொல்வேன்.

இப்படிக்கு,
மன்னிப்புக் கேட்காத உன் அப்பா